பேஸ் கிட்டாருக்கு எந்த பாலிஷ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிளீனர், பாலிஷ், வேக்ஸ் என்று மூன்று பாட்டில் விற்கிறார்கள். மூன்றும் வேண்டுமா?

வேண்டாம். கிளீனர் அழுக்கை எடுக்கும். பாலிஷில் நுண்ணிய தேய்பொருள் இருக்கும், ஒவ்வொரு முறையும் ஃபினிஷை, அதாவது மரத்தின் மேல்பூச்சை, துளி சுரண்டும். வேக்ஸ் மேலே பூச்சாக நிற்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பவருக்கு ஒரு கிளீனர் போதும். பாலிஷ் வருடத்துக்கு ஒருமுறை. எதுவானாலும் துணியில் ஊற்றுங்கள், கிட்டாரில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஃபிங்கர்போர்டுக்கு (கழுத்தில் விரல் அழுத்தும் பலகைக்கு) எண்ணெய் போடலாமா?

என்ன மரம் என்று எழுதவில்லை. பாதிக் கேள்விக்கு நான் எப்படி முழுப் பதில் சொல்வது? ரோஸ்வுட், எபனி என்றால் பெரும்பாலும் பூச்சில்லாத மரம். கிட்டாருக்கென்று விற்கும் எண்ணெயை வருடத்துக்கு இரண்டு முறை, துணியில் நாலைந்து சொட்டு விட்டுத் தேய்த்து, ஐந்து நிமிடத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். மேப்பிளுக்கு அநேகமாக மேலே லாக்கர் என்ற கடினப் பூச்சு இருக்கும், எண்ணெய் உள்ளே போகாது, பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். சமையல் எண்ணெய் எந்த மரத்துக்கும் ஆகாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். லெமன் ஆயில் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் மினரல் ஆயில்தான். அதற்காக எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்க்காதீர்கள். (போன வாரம் இருவர் கேட்டிருந்தார்கள்.)

கேள்வி: மேட் ஃபினிஷ் பேஸ். கை படும் இடம் பளபளக்கிறது. எதைப் போட்டால் பழையபடி மங்கும்?

பாட்டிலில் வருவது எதுவும் உதவாது. மேட் என்பது கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. உங்கள் கை அதைத் தேய்த்துச் சமன்படுத்திவிட்டது. பாலிஷ் போட்டால் மற்ற இடமும் பளபளக்கும். ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டில் மேசை நாற்காலிக்கு அடிக்கும் பாலிஷ் ஸ்பிரேயையே பேஸுக்கும் அடிக்கிறேன். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. தப்பா?

தப்பு. இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. அப்படி மின்னுவது பெரும்பாலும் சிலிகான். லேபிளில் போட்டிருக்கவும் மாட்டார்கள். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிறு கீறல், உதிர்ந்த பெயின்ட் விளிம்பு, ஸ்க்ரூ துளை வழியாக அது மரத்துக்குள் இறங்கும். என்றாவது ஒருநாள் பேஸ் கீழே விழுந்து ரிப்பேருக்கு வரும்போதுதான் தெரியும்.

அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது. கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. அடைத்து, சமன்செய்து, லாக்கர் அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; ஈர லாக்கர் கடுகளவு வட்டங்களாக விலகி ஓடியது, ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் வெறும் மரம். பட்டறையில் இதற்கு மீன்கண் என்று பெயர். எல்லாவற்றையும் சுரண்டி, கரைப்பானால் கழுவி, மறுபடி அடித்தேன். மறுபடி மீன்கண். மூன்றாவது தடவைதான் நின்றது. அரைநாள் வேலைக்கு ஒரு வாரம் போனது. வைத்திருந்தவரைக் கேட்டால், வாராவாரம் ஸ்பிரே அடித்தேன் என்று பெருமையாகச் சொன்னார். அந்த டப்பாவை மேசைக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபிரெட்டை (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) ஸ்டீல் உல் வைத்துத் தேய்க்கலாமா?

மிக நுண்ணிய 0000 நம்பர் மட்டும். ஸ்ட்ரிங்குக்கு அடியில் காந்தம் வைத்த பிக்கப்பை முதலில் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டினால் எளிதில் வராது. மரத்தையும் மூடுங்கள்.

கேள்வி: பழைய ஸ்ட்ரிங்கைக் கொதிக்க வைத்தால் புதுசாகுமா?

ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான ஸ்ட்ரிங்) என்றால் பத்து நிமிடம் கொதித்தபின் சத்தம் கொஞ்ச நாள் தெளியும். நன்றாகக் காயவைக்காவிட்டால் துருப்பிடிக்கும். தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான ஃப்ளாட்வவுண்டுக்கு இந்தப் பாடு தேவையில்லை. மோடவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் அறுந்தால் ஒழிய ஃப்ளாட்வவுண்டை மாற்றாதவர்.

கேள்வி: 1960களின் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூசிய பேஸ் கிடைத்திருக்கிறது. ஸ்டிக்கர் பிசினை எதால் எடுப்பது?

நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான். துணியில் துளி, ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்புக்கு எட்டத்தில். ஆல்கஹாலும் அசிட்டோனும் அந்த லாக்கரைக் கெடுத்துவிடும். விரிசல் ஓடிய இடத்தில் எந்தத் திரவமும் வேண்டாம். ஸ்டாண்டின் ரப்பரும் நைட்ரோவில் தழும்பு போடும், பருத்தித் துணி சுற்றுங்கள்.

கேள்வி: தங்கமுலாம் பூசிய பிரிட்ஜுக்கு மெட்டல் பாலிஷ்?

கூடாது. முலாம் மிக மெல்லியது, போனால் வராது. உலர்ந்த துணி.