மல்லாட்டை, கப்பல், ரேஷன் (கடிதமும் பதிலும்)

சார், வணக்கம். புதுச்சேரியில காலேஜ் படிக்கிறேன். நாடு போர்ல இருக்கறப்போ சாப்பாட்டுப் பொருள ஏற்றுமதி பண்றது அநியாயம் இல்லையா? மொத்தமா தடை போட்டா விலை தானா எறங்கிடும். இதுல யோசிக்க என்ன இருக்கு?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்க கோவம் நியாயம்தான், ஆனா மொத்தத் தடைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். 1940 ஜூன்ல பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட விழுந்துச்சு, அதுவரைக்கும் நம்ம தென்னாற்காட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உங்க ஊர்லேந்து கப்பல் ஏறி பிரான்ஸ்ல இருக்கற மார்சேய் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்கு போயிட்டு இருந்துச்சு, அந்த வாசல் அடைபட்டதும் வெலை படுத்துடுச்சு. வாசல சொந்த அரசாங்கம் அடைச்சாலும் வெவசாயிக்கு அதே கதிதான். கமிட்டில, அதான் வெவசாயி சரக்க விக்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல, வியாபாரி மூட்டைக்குள்ள கைய விட்டு நாலு காய எடுத்து காதுகிட்ட குலுக்குவாரு, உள்ள பருப்பு ஆடுற சத்தம் கேட்டாதான் நல்லா காஞ்ச சரக்கு, காயாததுல பூஞ்சாணம் புடிச்சிடும், ஒடச்சு வச்ச பருப்பு நாளானா சிக்கு வாடை அடிக்கும். கொடோன் வச்சிருக்கறவரு காத்திருப்பாரு, வட்டிக்கு வாங்கி வெதச்சவரு வந்த வெலைக்கு தள்ளிட்டுதான் வீட்டுக்கு போகணும்.

அதுக்காக எல்லாத்தையும் அனுப்பிடலாம்னு சொல்லல. அதே ரெண்டாம் உலகப் போர்ல இந்தியாவுலேந்து துணி, சணல், தானியம்னு பிரிட்டன் அள்ளிக்கிட்டு போச்சு, பதிலுக்கு சரக்கு வரல, லண்டன்ல நம்ம பேர்ல பவுண்டு கணக்கு எழுதி வச்சாங்க, போர் முடியறப்போ அது 130 கோடி பவுண்டு கிட்ட. அந்த கணக்க காட்டி இங்க நோட்டு அடிச்சாங்க, பொழக்கத்துல இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல ஆச்சு, கடையில சரக்கு இல்ல. பர்மா 1942ல ஜப்பான் கைக்கு போனதுல அந்த அரிசியும் நின்னுச்சு. 1943ல வங்காளத்துல பட்டினியிலயும் நோயிலயும் செத்தவங்க முப்பது லட்சம் வரைக்கும்னு கணக்கு சொல்றாங்க, கூலிக்காரங்களும் மீனவங்களும்தான் மொதல்ல போனாங்க. நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

அதனால நான் கேக்கறது, போற சரக்குக்கு பதிலா டீசல், உரம், மருந்துன்னு ஏதாவது கரை ஏறுதா? 2022 மார்ச்ல உக்ரைன் பண்ணினத பாருங்க. தினை, சர்க்கரை, உப்பு, இறைச்சி இதெல்லாம் வெளிய போகக்கூடாதுன்னு தடை போட்டாங்க, ஆனா தின்னு தீராத அளவுக்கு வெளையற மக்காச்சோளத்தையும் சூரியகாந்தி எண்ணெயையும் விக்கத்தான் பாத்தாங்க. கடல் அடைபட்டதால ரயில்லயும் டான்யூப் ஆத்து வழியாவும் அனுப்பினாங்க, ஏன்னா போர் நடத்தவே அந்த டாலர் வேணும்.

மொதல்ல ரேஷனுக்கு வேண்டியத எடுத்து வச்சிடணும், மிச்சத்துக்கு அளவு வச்சோ வரி போட்டோ அனுப்பலாம், அந்த வரிப்பணம் ரேஷன் கடைக்கே வரணும். தடை போட்டே ஆகணும்னா அறுவடைக்கு முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா அரசாங்கமே கமிட்டிக்கு வந்து நியாயமான வெலைக்கு மூட்டைய எடுத்துக்கிட்டு வெவசாயி கையில பணத்த குடுக்கணும்.