மாலிக்குப் போகலாமா என்று கேட்ட வீட்டுக்கு

போன சனிக்கிழமை சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா வேன் ஓட்டுகிறார். பையன் பாலிடெக்னிக்கில் ட்ரிபிள்-இ என்ற மின்னியல் டிப்ளமோ முடித்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா மடியில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து நாலாக மடித்த ஒற்றைத் தாளை எடுத்து மேஜையில் வைத்துக் கையால் நீவிவிட்டார். ஆஃபர் லெட்டராம். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாடு, உயர் மின்கோபுர லைன் வேலை, மாதம் 80,000 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி செலவு. ஏஜென்டுக்கு 1,90,000. அதில் 25,000 கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகக் காத்திருக்கிறது.

"அங்க ஆளைக் கடத்துறாங்கன்னு டிவில போட்டான் சார். ஆனா இவன் மாமா பன்னெண்டு வருஷமா துபாய்ல இருக்கான். 'ரோட்டுல போனாலுந்தான் லாரி அடிக்குது, பயந்தாப் பொழைக்க முடியுமா'ங்கான். நீங்க ஒரு தைரியம் சொல்லுங்க" என்றார் அப்பா.

இப்படி வருகிறவர்களுக்கு முதலில் டீ சொல்வேன், கொஞ்சம் ஆறுதலாகப் பேசுவேன். அன்றும் டீ சொன்னேன். ஆறுதல் வாயில் வரவில்லை. அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு அதற்குப் பிறகு இன்னும் இரண்டு போன் வந்துவிட்டது.

அண்ணாச்சி, நீங்கள் டிவியில் பார்த்தது தூரத்துக் கதை இல்லை. 2025 நவம்பரில் மாலியின் மேற்கே கோப்ரி என்ற ஊர்ப் பக்கம் ஆயுதக்காரர்கள் தூக்கிக்கொண்டு போன ஐந்து பேரும் நம் தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். அவர்கள் பார்த்ததும் கரண்டு வேலைதான். அதே வருஷம் ஜூலை முதல் தேதி, அதே நாட்டில் காயெஸ் பக்கம் ஒரு சிமென்ட் ஆலைக்குள் புகுந்து மூன்று இந்தியர்களைப் பிடித்துப் போனார்கள். பக்கத்து நாடு நைஜரில் ஏப்ரலில் ஜார்க்கண்ட்காரர்கள் ஐந்து பேர், அவர்களும் லைன் வேலைக்குப் போனவர்கள்தான். ஜூலை 15ஆம் தேதி நைஜரின் தோஸோ பகுதியில் நடந்த தாக்குதலில் இரண்டு இந்தியர்கள் செத்தார்கள், ஒருவரைக் கொண்டுபோனார்கள். எல்லாம் ஒரே வருஷத்தில்.

மாமாவின் லாரிக் கணக்கு இங்கே ஒட்டாது. எந்த லாரியும் உங்கள் மகனைத் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. மாலியில் அல்-காய்தாவோடு சேர்ந்த ஜே.என்.ஐ.எம். என்ற கூட்டத்துக்கு வெளிநாட்டு ஆள் என்றால் பணம். பிடித்துவைத்துப் பேரம் பேசுவது அவர்களுக்கு ஒரு வருமானம். 2025 செப்டம்பரிலிருந்து செனகல், ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து வரும் எரிபொருள் டேங்கர்களை மறித்து எரித்தார்கள். தலைநகர் பமாகோவிலேயே பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது. அரசாங்கம் நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளை இரண்டு வாரம் மூடியது. துபாயில் இருந்த பன்னிரண்டு வருஷத்தை வைத்து இந்த ஊரை அளக்க முடியாது. மாமா நல்ல மனசில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு இந்த ஊர் தெரியாது.

இதில் லைன் வேலைக்காரன் ஏன் திரும்பத் திரும்ப மாட்டுகிறான் என்று பாருங்கள். ஆபீஸ் வேலை என்றால் சுவர் இருக்கும், கேட் இருக்கும், காவல் இருக்கும். கோபுர லைன் என்பது காட்டிலும் வயலிலும் நேர்கோடாகப் போவது. இன்றைக்கு இந்தக் கோபுரத்துக்கு அஸ்திவாரம், அடுத்த வாரம் முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி அடுத்தது, அப்புறம் கம்பி இழுப்பு. கேங் நாளைக்கு எங்கே நிற்கும் என்று அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். ராத்திரி தங்குவது கேம்ப்பில். ராணுவம் காவலுக்கு வந்தால் நல்லது என்று நினைப்போம். அந்த ராணுவத்தை அடிக்கத்தானே அவர்கள் காத்திருக்கிறார்கள்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தீர்களானால், அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி தேவை என்று குறிக்கும் இ.சி.ஆர். முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர் அரசு அனுமதி வாங்கியே ஆக வேண்டிய நாடுகள் 18. சவூதி, குவைத், மலேசியா, ஈராக், ஏமன், லிபியா எல்லாம் அதில் வரும். மாலி வராது, நைஜரும் வராது. போதாக்குறைக்கு, பத்தாவது தேறிய பையனுக்கு அந்த முத்திரையே விழாது. அனுமதி வாங்கும்போது ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்ப்பார், 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயமாக எடுக்கச் சொல்வார்கள். உங்கள் மகன் விஷயத்தில் இரண்டும் தானாக நடக்காது. அந்த ஒற்றைத் தாளை உங்களையும் என்னையும் தவிர யாரும் படித்திருக்கமாட்டார்கள். நான் படித்தேன். எந்த ஊரில் வேலை என்று இல்லை. காப்பீடு பற்றி ஒரு வரி இல்லை. சம்பளம் தருவது யார், மெயின் கம்பெனியா சப்-கான்ட்ராக்டரா என்பதும் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அதற்கும் ரசீது தரவேண்டும். உங்களிடம் கேட்பது 1,90,000.

இந்தப் பணம்தான் எனக்குக் கடத்தலைவிடப் பெரிய கவலை. 2014இல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். ஜூலை 5ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள், ஒருவர் நம் தூத்துக்குடிப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு வெளியே குண்டு வெடிக்கும்போதும் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. காரணம், ஊரில் வாங்கிவிட்டுப் போன கடன். பல மாதச் சம்பளமும் வரவில்லை. அதே மாதங்களில் ஈராக்கின் மோசூலில் பிடிபட்ட 39 கட்டடத் தொழிலாளர்கள் உயிரோடு இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது 2018 மார்ச்சில். கிட்டத்தட்ட நாலு வருஷம் அவர்கள் குடும்பத்தார் வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த நாலு வருஷமும் கடனுக்கு வட்டி நின்றிருக்குமா?

நிலைமை கெடுகிற ஊரில், நாளைக்கே மூட்டையைக் கட்டுகிறேன் என்று சொல்ல முடிகிறவனுக்குத்தான் ஓரளவு பாதுகாப்பு. தலையில் 1,65,000 கடன் இருக்கிற பையன் அதைச் சொல்லமாட்டான். அம்மா நகையை மீட்டுவிட்டு வருகிறேன், இன்னும் ஆறு மாதம் என்பான். ஆகவே இந்த விஷயத்தில் நான் வளைந்து கொடுக்கப்போவதில்லை. ஆபத்தான நாட்டுக்குக் கடன் வாங்கிப் போகக்கூடாது. ஐயாயிரமானாலும் கூடாது.

ஆபத்துள்ள நாட்டுக்கு யாருமே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு ஜெசூட் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கம், அகதியாக இருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிப் பணியில் இருந்தார். 2014 ஜூனில் கடத்தினார்கள், 2015 பிப்ரவரியில்தான் விட்டார்கள். அவர் அந்த வேலையைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டவர். பின்னால் ஒரு பன்னாட்டு அமைப்பு நின்றது. அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒழுங்கான கம்பெனிகளும் இருக்கின்றன. வேலைக்காக ஆளை வெளியூர் அனுப்பும்போது ஆபத்தை எப்படிக் கையாள்வது என்று ஐ.எஸ்.ஓ. 31030 என ஒரு தரவரையறையே 2021இல் வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில், ராத்திரி எங்கே தூங்குவோம், வண்டி யார் ஓட்டுவார், நிலைமை கெட்டால் எந்த வழியாக வெளியே எடுப்பீர்கள், நான் பிடிபட்டால் என் வீட்டுக்குச் சம்பளம் தொடருமா என்று கேட்டால் பதில் எழுத்தில் வரும். உங்கள் ஏஜென்டுக்கு என் எதிரிலேயே போன் போட்டுக் கேட்டீர்கள். "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கிடலாம் அண்ணே" என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

இவ்வளவு நேரமும் பையன் வாயைத் திறக்கவில்லை. "தம்பி, நீ என்ன நினைக்கிற?" என்றேன். அப்பா முகத்தைப் பார்த்தான். அப்புறம் போனை எடுத்துக் காட்டினான். கயத்தாறு ரோட்டில் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த காற்றாலைப் படங்கள், ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொரு தூணிலும் எழுதியிருக்கும் எண் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறான். "ஆடி மாசம் சார். பக்கத்துல உள்ளது எல்லாம் சுத்துது, இது மட்டும் மூணு வாரமா நிக்குது. ஏன்னு யாருட்டக் கேக்கன்னு தெரியல."

"இதான் சார், பஸ்ஸுல ஏறினா காத்தாடி எண்ணிக்கிட்டே வருவான்" என்றார் அப்பா, ஏதோ குற்றம் சொல்கிற மாதிரி.

அண்ணாச்சி, பதில் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ., மின்வாரியத் தேர்வு, ரயில்வே இதெல்லாம் உங்கள் தெருவிலேயே சொல்ல ஆள் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. நம் வீட்டு வாசலில் நிற்கிற வேலையை மட்டும் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986இல் காற்றாலை நட்டது இந்தியாவிலேயே முதல் சிலவற்றில் ஒன்று. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நிற்கும் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழி, கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய் என்று எல்லாம் ஒரு பஸ் தூரம். நட்டால் போதுமா? வருஷா வருஷம் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்றால், தூணுக்குள்ளே ஏணி. புதியவற்றில் சின்ன லிஃப்ட் உண்டு, பழையதில் 80 மீட்டரும் கால்தான். உடம்பு முழுக்கக் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டை ஏணியோடு ஓடுகிற கம்பியில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும், வழுக்கினால் அது பிடித்துக்கொள்ளும். உச்சியில் நாசெல் என்ற பெட்டி, கிட்டத்தட்ட ஒரு மினி பஸ் அளவு. உள்ளே கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், பிரேக். சித்திரை வெயிலில் அது அடுப்பு மாதிரி இருக்கும். ஜெனரேட்டரில் கார்பன் பிரஷ் மாற்றிவிட்டு இறங்குகிறவன் முகம் கரிமூட்டத்தில் வேலை பார்த்தவன் மாதிரி இருக்கும். போல்டுகளை ஹைட்ராலிக் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும், கியர் ஆயிலை மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், காற்றின் திசைக்குத் தலையைத் திருப்புகிற பல்சக்கரத்துக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாசிவரை காற்றுக் காலம், அப்போது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய சர்வீஸ் எல்லாம் காற்று அடங்கிய மாதங்களில். உன் படத்தில் நிற்கிற காத்தாடி பழுதாக இருக்கலாம், உதிரி பாகத்துக்குக் காத்திருக்கலாம், மின்தொகுப்பு அந்தக் கரண்டை ஏற்க முடியாமல் நிறுத்தச் சொல்லியும் இருக்கலாம். கீழே உள்ள பேனலில் பிழை எண் காட்டும். அதைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது ட்ரிபிள்-இ படித்தவனின் வேலை தம்பி.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். உயரம், உயர் மின்னழுத்தம் இரண்டும் உண்டு. ஆனால் இந்த ஆபத்துக்கு பெல்ட் இருக்கிறது, வேலை முடியும்வரை யாரும் கரண்டைப் போடாதபடி மாட்டுகிற பூட்டு இருக்கிறது, காற்று இந்த வேகத்தைத் தாண்டினால் ஏறாதே என்ற கணக்கு இருக்கிறது.

நுழைவது எப்படி? பராமரிப்பு கம்பெனிகள் டிப்ளமோ முடித்தவர்களை ஒரு வருஷம் அப்ரன்டிஸாக எடுக்கிறார்கள், உதவித்தொகை உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது, அதன் சோதனை நிலையம் நம் கயத்தாறிலேயே. 'வாயுமித்ரா' என்ற பெயரில் தொழில்நுட்பப் பணியாளர் பயிற்சித் திட்டமும் அவர்களுடையதுதான். அடுத்து ஜி.டபிள்யூ.ஓ. என்ற உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புச் சான்று. உயரத்தில் வேலை, தீ, முதலுதவி, பாரம் தூக்குதல் என்று நாலு பகுதி, கடலில் நிற்கும் காற்றாலைக்கு என்றால் ஐந்தாவதாகக் கடலில் உயிர் தப்புவது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்று நாலு வருஷ அனுபவமும் இந்தச் சான்றும் இருந்தால் வெளிநாட்டு ஆசையை அப்போது எடுத்துப் பார்க்கலாம். ஜெர்மனி என்றால் மொழி படிக்க வேண்டும், அதற்கும் நேரம் கிடைக்கும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். அந்தச் சான்றுக்கு இப்போதே கைக்காசு போடாதீர்கள். வேலைக்கு எடுக்கிற கம்பெனியே பெரும்பாலும் செலவு செய்து அனுப்பும். வேலை வாங்கித் தருகிறேன், முதலில் பயிற்சிக்குக் கட்டு என்று எவனாவது வந்தால் அவனும் இந்த ஏஜென்டுக்குத் தம்பிதான்.

சம்பளத்தை மறைக்கவில்லை. ஆரம்பத்தில் அந்த 80,000-ல் கால்பங்கு வந்தால் சந்தோஷப்படுங்கள். மாமா சிரிப்பார். சிரிக்கட்டும். வட்டி கட்டாத கால்பங்கு அது.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாஸ்போர்ட்டு அந்த ஏஜென்ட்டுட்ட இருக்கே சார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அக்கா. பாஸ்போர்ட் அரசாங்கச் சொத்து, அதைப் பிடித்துவைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. 25,000 திரும்பி வருமா என்பது அடுத்த சண்டை. பணம் போனாலும் போகட்டும், பாஸ்போர்ட்டைத் திங்கட்கிழமை காலையில் போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். தரமாட்டேன் என்றால் அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுங்கள். அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு எழுதித் தருகிறேன் என்று உட்கார வைத்து எழுதினேன்.

பையன் மனுவில் கையெழுத்துப் போட்டான். பிறகு போனைத் திறந்து அந்த நிற்கிற காத்தாடியின் எண்ணை என் டைரியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கயத்தாறில் எனக்குத் தெரிந்த சைட் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டும்.