கார் முன்பணம் இருக்கட்டும், கார்டு பாக்கியை முதலில் பாருங்கள்

கேள்வி: குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 78,000 ரூபாய் வருகிறது. ஆறு வயது மகளின் பள்ளியும் மூன்று வயது மகனின் காப்பகமும் எழும்பூரில், என் அலுவலகத்தின் அருகில் உள்ளன. காலையில் கணவர் உடன் வருவதால் மின்சார ரயிலில் போய்விடுகிறோம். ஒரு நாள் மாலை, மகன் என் தோளில் தூங்கிக்கொண்டிருக்க, ஏறும் நெரிசலில் மகளின் கை என் பிடியிலிருந்து நழுவிவிட்டது. அன்று முதல் மாலையில் கேப்தான். ஒரு நடைக்கு 450 ரூபாய் ஆகிறது. கிரெடிட் கார்டில் கொடுத்து, மினிமம் தொகையை மட்டும் கட்டியதில் பாக்கி 1,18,000 ரூபாயாகிவிட்டது. "கைக்குழந்தையோடு ரயிலில் அலைவது குடும்பத்துக்கு அழகா" என்று நாத்தனாரின் கணவர் ஏழு லட்சம் கடனில் கார் எடுக்கச் சொல்கிறார். முன்பணத்துக்காக 1,50,000 ரூபாய் வங்கி எஃப்டியில் (நிரந்தர வைப்பில்) உள்ளது. எடுக்கலாமா?

பதில்: அந்த மாலை உங்களுக்கு ஏற்பட்ட அச்சம் நியாயமானது, கேப் பிடித்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வராத காருக்காக எஃப்டியைப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டு, வந்துவிட்ட கடனுக்கு மினிமம் மட்டும் கட்டுவதைத்தான் உடனே நிறுத்த வேண்டும்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால், உங்கள் பாக்கிக்கு ஏறத்தாழ 4,130 ரூபாய் வட்டியும், அதன்மேல் 740 ரூபாய் ஜிஎஸ்டி வரியும் ஆகின்றன. நீங்கள் கட்டும் மினிமம் 5,900 ரூபாய் அளவில் இருக்கும். அதில் அசலில் கழிவது ஆயிரம் ரூபாய்தான். அதே மாதத்தில் 22 நாள் கேப்புக்காக 9,900 ரூபாய் புதிதாக ஏறுகிறது. பழைய பாக்கி நிற்கும்வரை புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதால், இன்று மாலை செல்லும் கேப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. எஃப்டியோ ஏழு சதவீதத்தில் மாதம் 875 ரூபாய் ஈட்டுகிறது. அதை உடைத்துக் கார்டு பாக்கியை முழுவதும் அடைத்துவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதால் குறையும் வட்டி இதற்கு முன் ஒன்றுமே இல்லை. பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தருவதாக வரும் குறுஞ்செய்திகளையும், ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளையும் தொடவே வேண்டாம்.

காரைப் பொறுத்தவரை, ஏழு லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஏழு ஆண்டுத் தவணை 11,400 ரூபாய் வரும். தினமும் நாற்பது கிலோமீட்டருக்கான பெட்ரோல் ஆறாயிரத்தைத் தாண்டும். காப்பீடு, பராமரிப்பு, எழும்பூரில் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் மாதம் 21,000 ரூபாயை நெருங்கும். இப்போதைய கேப் செலவைப்போல் இது இரு மடங்கு. தவணையில் பங்கு கேட்டால் அழகைப் பற்றிப் பேசும் உறவினர் தருவாரா என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பதிலை அவரிடம் உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சுமையும் உங்கள் தலையில் விழக் கூடாது.

மாலைப் பயணத்துக்கு, மின்சார ரயிலின் முதல் வகுப்புச் சீசன் டிக்கெட்டை விசாரியுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் மாதக் கேப் செலவின் அருகில்கூட வராது, நெரிசலும் குறைவு. ஐந்து வயதுக்குட்பட்ட மகனுக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். அலுவலகத்தில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டுப் பாருங்கள். ஐந்து மணி வண்டிக்கும் ஆறு மணி வண்டிக்கும் உள்ள வேறுபாடு நீங்கள் அறிந்ததுதான். மெட்ரோவில் எழும்பூரில் ஏறி, ஆலந்தூரில் மாறி விமான நிலையம் வந்தாலும், பெரியவருக்கான கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் தூங்கும் குழந்தையோடு படியேற வேண்டியதில்லை. அங்கிருந்து குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலையில் சில கிலோமீட்டர்தான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அலுப்பாக இருந்தால் ஆட்டோ பிடியுங்கள்.

கேப்பை அடியோடு விடச் சொல்லவில்லை. மழை நாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மாதம் எட்டு நடை வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய். அதை யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து கொடுங்கள். செயலியில் பதிந்துள்ள கார்டு எண்ணை இன்றே நீக்கிவிடுங்கள். எஃப்டியில் மிஞ்சும் முப்பதாயிரம் அவசரத் தேவைக்கு அப்படியே இருக்கட்டும். கேப்பில் மீதமாவதையும், இனி கட்ட வேண்டியிராத மினிமம் தொகையையும் மாதந்தோறும் அதனோடு சேர்த்து வாருங்கள். அடுத்த பில் தேதிக்கு முன் வங்கிக்குப் போய்விடுங்கள்.