வாசல் காத்தவர் எப்படிப் புனிதரானார்?

பார்சாம் ஊர் கொன்ராடு பெரிய பிரசங்கியும் இல்லை, குருவும் இல்லை, மடத்தின் வாசல்காப்பாளர்தான். அவருக்கு ஏன் புனிதர் பட்டம் என்பது கேள்வி. அந்த வாசல் வேலையைச் செய்த விதத்துக்காகத்தான் என்பேன்.

1818-இல் ஜெர்மனியின் பவேரியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் யோஹான் பிர்ன்டோர்ஃபர். பதினாறு வயதுக்குள் தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். முப்பதை ஒட்டிய வயதில் சொத்துரிமையை விட்டுவிட்டுக் பிரான்சிஸ்கன் வழியில் எளிமையாக வாழும் கப்புச்சின் துறவற சபையில் சேர்ந்தார்.

ஆல்ட்டோட்டிங் மாதா கோவில் பவேரியாவின் பெரிய திருத்தலம். அங்கிருந்த மடத்தில் 41 வருடம் வாசலில் நின்றார். நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும்: யாத்ரீகர்கள், பூசைக்குச் சொல்ல வருபவர்கள், பசியோடு வரும் ஏழைகள், வேலை தேடி அலையும் தொழிலாளர்கள், குழந்தைகள். எல்லோருக்கும் அதே பொறுமை; பசித்தவருக்கு ரொட்டியும் பீரும். (அந்த ஊரில் பீர் அன்றாட உணவுதான்.) பத்தாவது முறையாகக் கதவைத் தட்டுபவரிடமும் முகம் சுளிக்காமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்!

ஓய்வு கிடைத்தால் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையில் ஜெபிப்பார். அதன் சிறு ஜன்னல் வழியே நற்கருணைப் பேழை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைக்கும் பெட்டி) தெரியும். “சிலுவையே என் புத்தகம்” என்று எழுதியவர் அவர்.

1894 ஏப்ரலில், இனி முடியவில்லை என்று மடத்தலைவரிடம் சொல்லிப் படுத்தார். மூன்றாம் நாள் இறந்தார். 1934-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.