தாய்ப்பாலூட்டல் ஆலோசகராக என்ன வழி?

கேள்வி: முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பெரும் பாடுபட்டேன். முலைக்காம்பு வெடித்துப் புண்ணாகி, மாப்பால் வாங்கும் நிலைக்கு வந்தபோது எங்கள் பகுதி மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தர் அக்காதான் பிள்ளையை அணைக்கும் விதத்தைத் திருத்தினார். என்னைப் போன்ற தாய்மாருக்கு உதவுவதையே தொழிலாக்க விரும்புகிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். முடியுமா? (வாசகி, கோப்பாய்)

முடியும் தங்கச்சி. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பிள்ளையின் கதை. அடுத்த வீட்டில் குறைமாதக் குழந்தை இருக்கலாம். மஞ்சள் காமாலையில் தூங்கிக்கொண்டே இருந்து பால் கேட்காத குழந்தை இருக்கலாம். "எனக்கு இப்படிச் செய்துதான் சரிவந்தது" என்ற பேச்சு அங்கே ஆபத்து. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு கிழமையாகியும் பிறந்த நிறைக்குத் திரும்பவில்லையா என்று பார்த்து, உடனே வைத்தியரிடம் அனுப்பத் தெரியவேண்டும்.

வீட்டாரோடு பேசுவதும் இந்த வேலையில் பெரிய பங்கு. பால்சுறாப் புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்று மாமி அக்கறையோடு அவித்துக் கொடுப்பார். அதைப் பிழை என்று வெட்டிப் பேசாதீர்கள். தாய்க்குச் சத்தான சாப்பாடுதானே. பிள்ளை அடிக்கடி, சரியாக உறிஞ்சினால்தான் பால் பெருகும் என்பதை அப்புறம் மெதுவாகச் சொல்லுங்கள். அந்த மாமியே இரவில் தாய்க்குத் துணையாக இருப்பார்.

இதையெல்லாம் பழக நல்ல இடம் உங்கள் ஊரிலேயே உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், உங்கள் பகுதியில் தாய்மார் ஆதரவுக் குழு இயங்குகிறதா என்று விசாரித்து, தொண்டராகச் சேருங்கள்.

சர்வதேசத் தகுதி வேண்டுமென்றால் அது ஐபிசிஎல்சி (IBCLC), அதாவது சர்வதேச சபையின் சான்றிதழ் பெற்ற பாலூட்டல் ஆலோசகர். 1985இல் தொடங்கிய ஐபிஎல்சிஇ (IBLCE) என்ற சபைதான் அதற்கான பரீட்சையை நடத்துகிறது. உடலமைப்பியல், போசாக்கு உட்பட 14 சுகாதாரப் பாடங்கள், 95 மணி நேரப் பாலூட்டல் கல்வி, அதன்மேல் நேரடிப் பயிற்சி. தாதியரும் மருத்துவிச்சிகளும் 1000 மணி நேரத்தைத் தங்கள் வேலையிலேயே சேர்த்துவிடலாம். உங்களைப் போன்றவர் ஓர் ஐபிசிஎல்சியின் நேரடி மேற்பார்வையில் 500 மணி நேரம் முடிக்கவேண்டும். அந்தப் பயிற்சித் திட்டத்துக்குச் சபையின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கடினமான கட்டம் இதுதான். வழிகாட்டி கிடைப்பது உறுதியாகும்வரை எந்த இணையவழி வகுப்புக்கும் காசு கட்டாதீர்கள். சான்றிதழையும் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

நிலையான சம்பளம் முக்கியமென்றால் குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சியையே நான் சிபாரிசு செய்வேன். வயதெல்லை இருப்பதால் விண்ணப்பம் கோரும்போது தகைமைகளைக் கவனமாகப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் மாப்பால் கம்பனிகளிடம் பரிசோ அனுசரணையோ வாங்கவேண்டாம். அவர்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தவே இலங்கையில் 1983இலிருந்து தனி விதிக்கோவை ஒன்று இருக்கிறது. ஒரு கம்பனியின் பேனாவும் கலண்டரும்கூட உங்கள் மேசையில் இருக்கக்கூடாது.