ஒளியில் இயங்கும் கணினியும் பணிக்கொடைப் பணமும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவன். பெங்களூருவில் மென்பொருள் துறையில் இருக்கும் என் மருமகன், அமெரிக்கச் சந்தையில் உள்ள ஒரு ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்ப) நிறுவனத்தின் பங்குகளை வாங்கச் சொல்கிறார். ஏஐ கணினிகள் இனி மின்சாரத்தில் அல்ல, ஒளியில்தான் கணக்குப் போடும் என்றும், ஒளி மின்சாரத்தைவிடப் பல மடங்கு வேகமானது என்றும், ஏஐ சிப்புகள் செய்யும் என்விடியாவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்றும் சொல்கிறார். அந்தப் பங்கு கொஞ்ச காலத்திலேயே மூன்று மடங்காகிவிட்டதாம். பணிக்கொடையில் பாதியை அதில் போடலாமா என்று யோசிக்கிறேன். என் தந்தை ஊட்டி ஃபிலிம் கம்பெனியில் வேலை பார்த்தவர். "ஒளியை நம்பிப் பிழைத்த குடும்பம்தானே, மாமா" என்று மருமகன் வேடிக்கையாகச் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்திலிருந்து அந்நிறுவனத்தின் பெயரை நீக்கியிருக்கிறேன். நான் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் அல்லன். ஒரு குறிப்பிட்ட பங்கை வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று பொதுவில் சொல்வது எனக்குத் தகாது. ஆனால் உங்கள் மருமகன் சொல்லும் காரணங்களைப் பற்றிப் பேசலாம்.

முதலில் வேகம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நல்ல செம்பு வடத்தில் மின்சமிக்ஞை செல்லும் வேகமும் ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இழப்பிலும் சூட்டிலும் இருக்கிறது. நொடிக்கு 200 கிகாபிட் என்ற அளவில் தகவலை அனுப்பினால் செம்பில் சமிக்ஞை ஓரிரு மீட்டருக்குள் நைந்துவிடும். ஒளியிழையில் அதே தகவல் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆயிரக்கணக்கான சிப்புகள் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டு போடும் ஏஐ மையங்களில், சிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இந்தப் பாதைதான் இப்போது நெரிசலாகியிருக்கிறது.

என்விடியா திரும்பிவிட்டது என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் 72 சிப்புகளை ஒரே ரேக்கில் (அலமாரியில்) இணைத்த இயந்திரத்தை அறிமுகப்படுத்திய அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங், அதனுள்ளே மொத்தம் 2 மைல் நீளத்துக்கு 5,000 செம்பு வடங்கள் இருப்பதாகவும், அவற்றுக்குப் பதில் ஒளியிணைப்பை வைத்திருந்தால் அதற்கு மட்டுமே 20 கிலோவாட் செலவாகியிருக்கும் என்றும் பெருமையோடு சொன்னார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரே, ஒளிக்கருவியை, தகவலை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே பொருத்திய புதிய கருவிகளை அறிவித்தார். இதில் முரண் ஒன்றும் இல்லை. செம்பு போகும் தூரம் வரை செம்பு, அதற்கு மேல் ஒளி என்பதுதான் கணக்கு. அந்த எல்லை ஆண்டுதோறும் சிப்பை நோக்கி நெருங்கி வருகிறது.

நெருங்குவதற்குக் காரணம் டிரான்சீவர். கைக்குள் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி அது. ஒரு முனையை ஸ்விட்சில் செருகினால் மறுமுனையில் ஒளியிழை. மின்சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின்சமிக்ஞையாகவும் மாற்றும் இந்தப் பெட்டி, நொடிக்கு 1.6 டெராபிட் வகையாக இருந்தால், 30 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. ஹுவாங்கின் கணக்குப்படி ஒரு சிப்புக்கு ஆறு பெட்டிகள் வேண்டும். அப்படியானால் 10 லட்சம் சிப்புகள் உள்ள ஒரு மையத்தில் இந்தப் பெட்டிகளுக்கு மட்டும் 180 மெகாவாட் போய்விடும். நம் மாவட்டத்துச் சிங்காராவில் உள்ள பைக்காரா இறுதிநிலை நீர்மின் நிலையத்தின் முழுத் திறனே 150 மெகாவாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒளிக்கருவியைச் சிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக ஏன் இத்தனை துடிப்பு என்பது புரியும்.

ஒளியிலேயே கணக்குப் போடுவது வேறு கதை. ஒளியைக் கொண்டு பெருக்கலைச் செய்துகாட்ட முடியும். ஆனால் கணக்குப் போட ஒரு சமிக்ஞை மற்றொன்றை மாற்ற வேண்டும்; ஒளிக்கற்றைகளோ ஒன்றையொன்று எளிதில் பாதிப்பதில்லை, ஒளியைச் சேமித்து வைப்பதும் கடினம், எண்களை ஒளிக்கும் மின்சாரத்துக்குமாக மாறி மாறிப் பெயர்ப்பதிலேயே மிச்சப்படுத்திய ஆற்றல் செலவாகிவிடுகிறது. எம்ஐடியிலிருந்து வந்தவர்கள் 2017இல் தொடங்கிய லைட்மேட்டர் நிறுவனம் ஒளிக்கணிப்பில்தான் ஆரம்பித்தது. அதன் ஆராய்ச்சி இன்னும் நிற்கவில்லை. என்றாலும் 2024 அக்டோபரில் முதலீட்டாளர்கள் அதற்கு 440 கோடி டாலர் மதிப்பிட்டபோது முன்னால் நின்றது சிப்புகளை ஒளியால் இணைக்கும் அதன் இன்னொரு பொருள். உங்கள் மருமகன் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். பங்கு விற்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் ஆக்குகிறார்கள்.

ஆக, ஒளியிணைப்பின் தேவை உண்மையானது. எனக்குக் கவலை தருவதும் அதுதான். தேவை உண்மை என்று தெரிந்த பிறகு, அதைச் செய்யும் நிறுவனத்தின் பங்கு எந்த விலையிலும் லாபம் தரும் என்று மனம் தானாகவே நம்பத் தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டில் இதே ஒளித்துறையில் இதே நம்பிக்கை இருந்தது. இணையப் போக்குவரத்து பெருகும், அது ஒளியிழையில்தான் போகும் என்றார்கள். இரண்டும் அப்படியே பலித்தன. ஆனால் அன்று அத்துறையின் செல்லப்பிள்ளையாக இருந்த ஜேடிஎஸ் யூனிஃபேஸ் 2001 ஜூனில் முடிந்த நிதியாண்டில் சுமார் 5,600 கோடி டாலர் நட்டம் காட்டியது. உச்சத்தில் இருந்த தன் பங்குகளையே பணமாகக் கொடுத்து வாங்கிக் குவித்த நிறுவனங்களின் மதிப்பைக் கணக்கிலிருந்து அழித்ததால் வந்ததே அந்த நட்டத்தின் பெரும்பகுதி. பங்கின் விலை 2002க்குள் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 99 விழுக்காடு சரிந்தது. 2015இல் அது இரண்டாகப் பிரிந்தது. அதில் பிறந்த லூமென்டம் இன்று என்விடியாவின் ஒளி ஸ்விட்சுக்கான கூட்டாளிகளில் ஒன்று. அந்தத் தொழில்நுட்பம் இன்றும் நடமாடுகிறது. 2000இல் உச்ச விலை கொடுத்தவரின் பணம் வேண்டுமானால் எங்கே என்று தேடிக்கொள்ளலாம்.

உங்கள் தந்தை வேலை பார்த்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அந்தத் தொழிற்சாலையை டிஜிட்டல் கேமரா அழித்ததாகவே நம் ஊரில் பலரும் சொல்கிறார்கள். அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டதோ 1990களில். உலகம் முழுவதும் ஃபிலிம் விற்பனை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதை வீழ்த்த இறக்குமதிப் போட்டியும் கடன் சுமையும் போதுமானவையாக இருந்தன. மருமகனின் வேடிக்கைக்கு இதைப் பதிலாகச் சொல்லலாம்.

சிறிய ஒளி நிறுவனங்களின் சிக்கல் இன்னும் நுண்ணியது. சிலிக்கன் ஒளி உமிழாது. லேசரை இண்டியம் பாஸ்பைடில் தனியே செய்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒளியிழையின் உள்ளகம் 9 மைக்ரான். சிப்பில் ஒளி ஓடும் தடம் அரை மைக்ரான் அகலம். ஒன்றை மற்றொன்றுக்கு நேர்படுத்தி ஒட்டுவதை ஆய்வகத்தில் ஒருமுறை செய்வதற்கும், தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் பழுதில்லாமல் செய்வதற்கும் நடுவில்தான் பல அறிவிப்புகள் சிக்கிக்கொள்கின்றன. வாங்குபவர்களோ ஒரு கை விரல்களில் அடங்குவார்கள். என்விடியா, பிராட்காம் போன்றவர்கள் தாங்களே வடிவமைத்துக்கொள்ளவும் வல்லவர்கள். சிப்பு நிறுவனமான மார்வெல் 2025 டிசம்பரில், சிப்புகளை ஒளியால் இணைக்கும் செலஸ்டியல் ஏஐயை 325 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. செலஸ்டியல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம், லாபம் தொடக்கத்திலேயே பணம் போட்டவர்களுக்கு.

எனவே பணிக்கொடையில் பாதி என்பதற்கு என் பதில், வேண்டாம். மருமகன் தம் சம்பளத்திலிருந்து, போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு வாங்குவதானால் அது அவர் விருப்பம். உங்கள் பெயரில் ஒரே ஒரு பங்கு வாங்கினாலும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவரிடம் அந்நிறுவனத்தின் கடைசி ஆண்டறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். பொருள் விற்று வந்த வருமானம் எவ்வளவு, அதில் மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு, மூன்று ஆண்டுகளில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது, லேசரை யாரிடம் வாங்குகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.