சருகுக்குள் வாழும் கற்பனை உயிரி எப்படி உருவாகியிருக்கும்?

காட்டுத் தரையில் சருகைத் தின்று வாழும், உள்ளங்கை அளவுள்ள ஒரு கற்பனைக் கணுக்காலியின் பரிணாமமும் உடலமைப்பும் நடத்தையும் எப்படியிருக்கும் என்பது கேள்வி. ஈரக் கல்லுக்கடியில் திரியும், நண்டுக்கு உறவான 14 கால் சிற்றுயிரிகளான ஐசோபாடுகளையே மூதாதையாகக் கொள்வேன். கடலிலிருந்து கரையேறிய அவ்வினத்தில் தாய், உடலின் அடிப்புறத்தில் நீர்மம் நிறைந்த பையில் முட்டைகளைச் சுமப்பதால், இனப்பெருக்கத்துக்குக் குளத்தைத் தேட வேண்டியதில்லை.

சிக்கல் மூச்சில்தான். வயிற்றுக்கால்களில் உள்ள சுவாச உறுப்புகள் ஈரமாகவே இருந்தாக வேண்டும் என்பதால், நம் உயிரி பகலில் பதுங்கி இரவில் மேயும். உடல் பெருக்கப் பெருக்க அவ்வுறுப்புகள் கிளைத்துப் பரப்பைக் கூட்டியிருக்கும். தோலுரிப்பதும், மூதாதையைப் போலவே, முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி என நடக்கும். ஆகவே உடல் முழுதும் ஒரே நேரத்தில் மென்மையாகிவிடாது. உரித்த தோலைத் தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்ளும். இதை நாயளவுக்கு வளர்க்க விரும்புவோர், இன்றைய நிலவாழ் கணுக்காலிகளில் மிகப் பெரிய தென்னை நண்டே ஏறத்தாழ 4 கிலோதான் எடையுள்ளது என்பதைக் கருதுக.